அழுக்குக் கம்பளியும் அம்மோனியாவும்

கேமரன் மலைக்குப் போகும்போது பெட்டியில் மறக்காமல் எடுத்து வைக்கிறோமே, அந்தக் கம்பளிச்சட்டையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். எந்த வாடையும் இருக்காது. ஆனால் ஆட்டின் உடலிலிருந்து அப்போதுதான் கத்தரித்த ரோமத்தைக் கையில் வாங்கினால் உள்ளங்கை பிசுபிசுக்கும். மண், சாணம், புல், முள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். அந்த ரோமத்தை எடை போட்டு, கழுவி உலர்த்தி, மறுபடியும் எடை போட்டால் பல ஆட்டினங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்திருக்கும். குறைந்தது அத்தனையும் அழுக்கு.

இன்று இந்த வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் கம்பளி வட்டாரங்களில் ஓடைநீர், மழைநீர், புளித்த சிறுநீர், வெண்ணெய், இரும்புச் சீப்பு ஆகியவற்றைக் கொண்டே மக்கள் இதைச் செய்து முடித்தார்கள். வேதியியல் படிக்காதவர்கள் கையாண்ட அந்த முறைகள் ஒவ்வொன்றுக்கும் வேதியியல் விளக்கம் உண்டு. ஆயினும் அந்த வேலையின் வரிசையில் மறைந்திருந்த ஓர் ஆபத்து, பின்னாளில் பல தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. இரண்டையும் இந்த வாரம் பார்ப்போம்.

ரோமத்தில் ஒட்டியிருப்பவை

கச்சா ரோமத்தில் மூன்று வகை அழுக்கு உண்டு. முதலாவது, ஆட்டின் தோல் சுரப்பிகளிலிருந்து வரும் கம்பளி மெழுகு. மழைநீர் தோலை நனைக்காமல் காப்பது இதுவே. இதைத் தூய்மையாக்கி எடுப்பதுதான் உதட்டுக் களிம்பிலும் குழந்தைகளுக்குப் பூசும் களிம்பிலும் சேர்க்கப்படும் லனோலின். இது நீரில் கரையாது. சுமார் 40 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். இரண்டாவது, காய்ந்த வியர்வை. இதில் பொட்டாசியம் உப்புகள் மிகுதி. இவை குளிர்ந்த நீரிலேயே கரைந்துவிடும். மூன்றாவது மண்ணும் சாணமும். இவை பெரும்பாலும் மெழுகில் ஒட்டிக்கொண்டிருப்பவை. மெழுகு போனால் இவையும் போய்விடும்.

ஆகவே மெழுகை நீக்குவதே முக்கிய வேலை. மெழுகைக் கரைக்கக் கடுமையான காரத்தைப் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். கம்பளி இழை நம் தலைமுடியையும் நகத்தையும் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கடுங்காரம் புரதத்தை அரித்துவிடும். இழையைக் கெடுக்காமல் மெழுகை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

முதலில் ஆட்டுக்கே குளியல்

ரோமத்தைக் கத்தரிக்கும் முன்பே சுத்தப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். இங்கிலாந்தின் டர்பிஷயர் மாவட்டத்தில் ஆஷ்ஃபோர்ட்-இன்-த-வாட்டர் என்னும் ஊரில் பழைய கற்பாலம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் பெயரே ‘ஆடு குளிப்பாட்டும் பாலம்’ என்ற பொருள் தருவது. ஒரு கரையில் குட்டிகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத் தாய் ஆடுகளை மறுகரையிலிருந்து ஆற்றில் இறக்குவார்கள். குட்டியின் குரல் கேட்டுத் தாய் நீந்தி வரும். அதற்குள் ரோமத்தில் இருக்கும் மண்ணும் வியர்வை உப்பும் ஆற்றோடு போய்விடும்.

குளிப்பாட்டியதும் கத்தரித்துவிட மாட்டார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருப்பார்கள். அதற்குள் ரோமம் காய்ந்து, தோலிலிருந்து மெழுகு மறுபடியும் சுரக்கும். அது மசகுபோல உதவுவதால் கத்தரி தடையின்றி ஓடும்.

சிலர் கத்தரித்த ரோமத்தை மழைநீர்த் தொட்டியில் பல நாள் ஊறப் போடுவார்கள். நீர் கலங்கி நாற்றமெடுக்கும். அந்த நீரில் அடுத்தடுத்துப் போடும் ரோமம் முன்னதைவிட நன்றாக வெளுக்கும். வியர்வையில் உள்ள பொட்டாசியம் உப்புகளில் ஒரு பகுதி கொழுப்பமில உப்புகள். அதாவது சவர்க்காரத்தின் உறவினர்கள். ஆடு தன் சவர்க்காரத்தைத் தானே சுமந்து வருகிறது என்று சொன்னால் மிகையில்லை. மழைநீரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கிணற்றுநீரில் கால்சியம் கலந்திருந்தால் அது சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி ரோமத்திலேயே படிந்துவிடும்.

புளித்த சிறுநீரின் வேலை

யார்க்ஷயர் போன்ற கம்பளி வட்டாரங்களில் வீடுவீடாகச் சிறுநீரைச் சேகரித்தார்கள். அதைப் பல நாள் புளிக்கவைத்த பிறகே பயன்படுத்தினார்கள். முகம் சுளிக்க வேண்டாம்; இந்தக் காத்திருப்பில்தான் அறிவியல் இருக்கிறது.

சிறுநீரில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு யூரியா உண்டு. புதிய சிறுநீர் மெழுகை அசைக்காது. நாள் போகப் போக நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பழைய கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் வாடை இதுதான். அம்மோனியா ஒரு மென்காரம். கம்பளி மெழுகோடு சேர்ந்திருக்கும் கொழுப்பமிலங்களுடன் அது வினைபுரிந்து அங்கேயே சவர்க்காரத்தை உண்டாக்குகிறது. அந்தச் சவர்க்காரம் எஞ்சிய மெழுகைச் சிறுசிறு துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிடுகிறது. இதைப் பால்மமாக்கல் என்கிறோம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் சவர்க்காரம் பட்டதும் நடப்பதும் இதுவே.

மென்காரம் என்பதால் புரத இழைக்குப் பெரிய சேதமில்லை. அதோடு அம்மோனியா எளிதில் ஆவியாகிவிடும். ஓடைநீரில் அலசிக் காற்றில் உலர்த்தினால் வாடையும் போய்விடும்.

கை பொறுக்கும் சூடு

சிறுநீரும் வெந்நீரும் கலந்த தொட்டியில் ரோமத்தை அமுக்கி வைப்பார்கள். எவ்வளவு சூடு? வெப்பமானி இல்லாத காலத்தில் ‘கை பொறுக்கும் சூடு’ என்பதே அளவு. நம் கை சிறிது நேரம் தாங்கக்கூடிய சூடு மெழுகு உருகும் வெப்பநிலையைவிடச் சற்றே அதிகம். மெழுகு உருகுவதற்கு அது போதும்.

தொட்டியில் ரோமத்தைக் கசக்கவோ அடித்துத் துவைக்கவோ மாட்டார்கள். கோலால் மெல்ல அமுக்கி, தூக்கி, கூடையில் போட்டு அலசுவார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போலச் செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ரோமம் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.

செய்து பாருங்கள்: தூய கம்பளி நூலில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்று குறிப்பிட்ட நூல் வேண்டாம். ஒன்றை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் பத்து நிமிடம் அசைக்காமல் ஊறவிடுங்கள். மற்றதை அதே நீரில் நனைத்து உள்ளங்கைகளுக்கிடையே பத்து நிமிடம் நன்றாகத் தேயுங்கள். இரண்டையும் உலர்த்தி, இழைகளைப் பிரித்துப் பாருங்கள். வேறுபாடு விரலிலேயே தெரியும்.

எடுத்த எண்ணெயைத் திரும்பக் கொடுத்தல்

மெழுகு முழுவதும் போன கம்பளி வறண்டு போகும். சீவினால் இழைகள் அறுந்துவிடும். அதனால் கழுவி முடித்தபின் வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ சிறிதளவு தடவுவார்கள். இவ்வளவு பாடுபட்டு நீக்கியதை மறுபடி பூசுவதா என்று கேட்கலாம். இது மண் கலவாத, அளவாகப் பூசும் எண்ணெய். துணி நெய்த பிறகு எளிதில் கழுவிவிடலாம்.

சீவுவதில் இரண்டு வழிகள் இருந்தன. குட்டை இழைகளை, வளைந்த கம்பிமுட்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கிடையே வைத்து இழுப்பார்கள். இழைகள் தாறுமாறாகக் கலந்து பஞ்சுபோல உப்பும். இதில் காற்று தங்குவதால் துணி வெதுவெதுப்பாக இருக்கும். நீள இழைகளுக்கு நெருப்பில் சூடாக்கிய நீளப்பல் இரும்புச் சீப்பு. இது இழைகளை ஒரே திசையில் படியவைத்துக் குட்டை இழைகளைக் கழித்துவிடும். கிடைக்கும் நூல் வழவழப்பாக இருக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள வர்ஸ்டெட் என்ற ஊரின் பெயரால்தான் அந்தத் துணி இன்றும் அழைக்கப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

இதுவரை சொன்ன வரிசையில் ஒரு படியை விட்டுவிட்டோம். கழுவுவதற்கு முன் ரோமத்தைத் தரம் பிரிக்க வேண்டும். தோள்பட்டை ரோமம் மென்மையானது, தொடை ரோமம் முரடானது, இரண்டையும் கலக்கக்கூடாது. தரம் பிரிப்பவர் சன்னல் வெளிச்சத்தில் நின்று, காய்ந்த அழுக்கு ரோமத்தைக் கையால் பிரிப்பார். தூசி பறக்கும், அதைச் சுவாசிப்பார்.

உள்ளூர் ஆட்டு ரோமம் மட்டும் வந்தவரை இதில் பெரிய கேடு தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யார்க்ஷயரின் பிராட்ஃபோர்ட் நகரத்து ஆலைகளுக்குத் துருக்கி, பாரசீகம், இந்தியா, பெரு எனப் பல நாடுகளிலிருந்து ரோமம் வரத் தொடங்கியது. அதன்பின் தரம் பிரிப்பவர்களிடையே ஒரு விசித்திர நோய் தலைகாட்டியது. திடகாத்திரமாக வேலைக்குப் போனவர் குளிர் நடுக்கத்தோடும் நெஞ்சு அடைப்போடும் வீடு திரும்புவார். சில நாள்களில் இறந்துவிடுவார். ‘கம்பளி பிரிப்போர் நோய்’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

1876இல் ஜெர்மானிய அறிவியலாளர் ராபர்ட் கோக், ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்டறிந்தார். அந்தக் கிருமி ஸ்போர் எனப்படும் உறங்கும் வித்தாக மாறிப் பல்லாண்டு உயிர்தாங்கும். சில ஆண்டுகளில் பிராட்ஃபோர்ட் மருத்துவர் ஜான் ஹென்றி பெல், கம்பளி பிரிப்போர் நோயும் ஆந்த்ராக்ஸே என்று காட்டினார். நோயால் மாண்ட விலங்கின் ரோமத்தில் தங்கிய வித்துகள் கடல் கடந்து வந்து, தூசியோடு நுரையீரலுக்குள் புகுந்தன.

தண்ணீர் தொடுவதற்கு முன்பே மனிதரின் கை ரோமத்தைத் தொட்டது. ஆபத்து அந்த வரிசையில்தான் இருந்தது. வியர்வையும் மெழுகும் மூக்குக்கும் கைக்கும் தெரிந்தன. அவற்றை நீக்கப் பழையவர்கள் வழி கண்டார்கள். வித்து எந்தப் புலனுக்கும் தெரியவில்லை. அதைக் காண நுண்ணோக்கி வேண்டியிருந்தது.

1905 முதல் பிராட்ஃபோர்டில் நுண்ணுயிரியலாளர் ஃபிரெடரிக் யூரிச் இந்த நோயை ஆராய்ந்தார். உலர்ந்த இரத்தக் கட்டிகள் ஒட்டிய ரோமமே மிகவும் ஆபத்தானது என்று அவர் கண்டார். தொழிற்சாலை ஆய்வாளர் டக்கரிங் என்பவரோடு சேர்ந்து, ஃபார்மால்டிஹைடு கரைசலால் வித்துகளைக் கொல்லும் முறையை உருவாக்கினார். 1919இல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1921இல் லிவர்பூல் துறைமுக நகரில் அரசாங்கக் கிருமிநீக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆபத்து மிகுந்த வகை ரோமங்கள் அங்கே சுத்திகரிக்கப்பட்ட பிறகே ஆலைகளுக்குச் சென்றன.

அந்த நிலையத்தில் முதல் படி என்ன தெரியுமா? வெதுவெதுப்பான, சற்றுக் காரமான சவர்க்கார நீரில் ரோமத்தை அமுக்கிப் பிழிவது. மெழுகும் இரத்தமும் வித்துகளுக்குப் போர்வையாக இருந்தவரை மருந்து அவற்றை எட்டவில்லை. பழைய சலவை அந்தப் போர்வையை விலக்கியது. அதன்பின் ஃபார்மால்டிஹைடு வித்துகளைக் கொன்றது. பழைய முறையைத் தூக்கி எறியத் தேவை இருக்கவில்லை. அதை மனிதரின் கைக்கு முன்னால் நகர்த்தி வைத்ததே உயிர் காத்த மாற்றம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கம்பளிச்சட்டையைக் கடும் காரமுள்ள சலவைத்தூளிட்டுக் கொதிநீரில் துவைத்தால் என்னென்ன நேரும்? கெரட்டின், செதில் ஆகிய இரண்டையும் வைத்து விளக்குங்கள்.

2. உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ, படிகளின் வரிசையை மாற்றினாலே ஆபத்து குறையக்கூடிய வேலை ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.