ஆமைக்கு வைத்த வாசல்

டி.எஸ்.-2031 என்று ஒரு படிவம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் இறால் சரக்கு ஒவ்வொன்றோடும் அது போயாக வேண்டும். இறால் கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா, எந்த முறையில் என்று ஏற்றுமதியாளர் அதில் கையெழுத்திட்டுச் சொல்கிறார். கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே வளர்ந்து, கையில் விலங்கியலோ வணிகவியலோ பட்டம் வைத்துக்கொண்டு வேலை தேடுகிறவரா நீங்கள்? உங்கள் பயோடேட்டாவைத் திருத்துவதற்கு முன் இந்தப் படிவத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சுற்றுச்சூழலை வர்த்தகக் கொள்கைக்குள் அரசுகள் எப்படிக் கொண்டுவந்தாலும், நம் ஊருக்கு அது தாளாகத்தான் வந்து சேர்கிறது. அந்தத் தாளைப் பொய்யில்லாமல் நிரப்பத் தெரிந்த ஆள் எல்லா ஏற்றுமதி ஆலைக்கும் தேவை.

இந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை. இழுவலையில் சிக்கினால் அதற்கு மேலே வந்து மூச்சுவிட வழியில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். வலைக்குள் கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்தினால் இறால் கம்பிகளுக்கு இடையே உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் மோதி, பக்கத்திலுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். அதே வாசலில் மீனும் போய்விடுகிறது என்பது விசைப்படகுக்காரர்களின் புகார். டீசல் விற்கும் விலையில் அந்தப் புகாரை ஒதுக்கிவிட முடியாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இழப்பைக் குறைக்கும்படி நம் வலைகளுக்கென்றே ஒரு கருவியை வடிவமைத்திருக்கிறது.

இப்படியொரு தடுப்பு இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் போட்டது. 1996 மே மாதம் அதை உலகம் முழுவதற்கும் விரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998 அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு வந்தது. நாம் வென்றோம். ஆனால் தீர்ப்பைப் படித்தால் பாதி வெற்றிதான். ஆமையைக் காக்க இறக்குமதிக்கு நிபந்தனை போடலாம் என்றே அது சொன்னது. கரீபியப் பகுதி நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு மறுத்ததைத்தான் பாரபட்சம் என்றது. அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டது; நிபந்தனை அப்படியே நின்றது. 2019 முதல் நம் கடல் இறாலுக்கு அந்தச் சந்தை மூடிக்கிடக்கிறது. இன்று அங்கே போவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வனாமி இறால்தான்.

நாம் ஜெனீவாவில் வாதாடிக்கொண்டிருந்த அதே 1996இன் டிசம்பரில், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு தந்தது. அதன் தொடர்ச்சியாகவே 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆக, வெளியிலிருந்து ஒரு நிபந்தனை, உள்ளேயிருந்து ஒரு நிபந்தனை. இரண்டுமே ஏற்றுமதி ஆலையில் ஒரே மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த மேசைதான் நான் சொல்லும் வேலை.

ஆலைகளில் இதற்கு ஒரே பெயர் கிடையாது. ஒரு இடத்தில் க்யூ.ஏ., இன்னொரு இடத்தில் டாக்குமென்டேஷன், கொஞ்சம் பெரிய இடமென்றால் டிரேசபிலிட்டி எக்ஸிகியூட்டிவ். செய்ய வேண்டியது என்னவோ ஒன்றுதான். பெட்டியிலிருக்கும் லாட் எண்ணிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து குட்டைக்கு, குட்டையிலிருந்து கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையின் பதிவு எண்ணுக்கு, அங்கிருந்து குஞ்சு வாங்கிய பொரிப்பகத்தின் பில்லுக்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் ‘பண்ணை இறால்’ என்று குறிக்க வேண்டுமானால் அது குறைந்தது 30 நாள் குட்டையில் வளர்ந்திருக்க வேண்டும். குஞ்சு விட்ட தேதியையும் பிடித்த தேதியையும் கழித்துப் பார்க்கிற சின்னக் கணக்குதான். ஆனாலும் அதைத் தானாகப் போட்டுப் பார்க்கிற புதியவரை மேலாளர் மறக்க மாட்டார்.

படிப்பு? மீன்வள அறிவியல் பட்டம் (பி.எஃப்.எஸ்சி.) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கதவு மூடிவிடாது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் நாம் படகுக் குழாமை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் (எம்பெடா) சுற்றறிக்கைகளை வாரம் ஒன்று படியுங்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிறவர் என்றால் அதை நேர்முகத் தேர்வில் மறைக்காதீர்கள். எந்த மாதம் எந்த இறால் விழும் என்று தெரிந்தவர் அலுவலக நாற்காலியில் அபூர்வம்.

கடல் பிடிக்காதவர்கள் மறைமலைநகர் தொழிற்சாலைகள் பக்கம் திரும்பலாம். அங்கே கேள்வி கரிம உமிழ்வைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2023 அக்டோபரில் வெறும் அறிக்கை கேட்பதில் தொடங்கியது; 2026 ஜனவரி முதல் போகும் சரக்குக்குக் காசும் கட்ட வேண்டும். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. ஒரே கூரையின் கீழ் செய்த எஃகு போல்ட்டுக்கு இது உண்டு, பிரேக் பாகத்துக்கு இப்போதைக்கு இல்லை. அதை முடிவு செய்வது சரக்கின் சுங்க வகைப்பாட்டு எண்ணான எச்.எஸ். குறியீடு. அதனால் முதலில் கற்க வேண்டியது அதுதான். அடுத்தது, எஃகு எங்கே உருகியது என்பது. போல்ட் செய்யும் பட்டறையில் வரும் புகையைவிட உலையில் வந்தது பல மடங்கு. மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பரைப் பிடித்துக்கொண்டு, உருக்காலைக்குப் போன் போட்டு உமிழ்வுக் கணக்கை வாங்கத் தெரிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஐரோப்பா தானே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். அது நமக்குச் சாதகமாக இருக்காது. பலர் முதல் வேலையாக மின்கட்டண ரசீதுகளை அடுக்குகிறார்கள். இரும்புக்கு இப்போது நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கில் வருகிறது என்பதைக் கவனித்திருந்தால் அந்த உழைப்பு மிச்சம்.

நம் அரசும் சும்மா இல்லை. மின்வாகனம், கழிவுநீர் மறுசுழற்சி, மழைநீர் சேகரிப்பு, பசுமை ஹைட்ரஜன் போன்றவற்றுக்கான பொருள்களைச் செய்பவர்கள் சலுகை வரியில் எந்திரம் இறக்கினால், திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டிய அளவை 2023 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை குறைத்திருக்கிறது. 2024இல் ஸ்விட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளோடும் 2025இல் பிரிட்டனோடும் போட்ட ஒப்பந்தங்களில் சுற்றுச்சூழலைப் பேசும் அத்தியாயங்கள் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலும் ஒத்துழைப்பு என்ற சொல்தான் அதிகம். வேலைக்குப் போன முதல் ஆண்டில் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். டி.எஸ்.-2031 உங்கள் மேசைக்கு வரும். ஒப்பந்த அத்தியாயம் வர நாளாகும்.

வேலையில் சேர்ந்தபின் ஒரு நாள் சங்கடம் வரும். பண்ணை லாட்டில் கடல் இறால் கொஞ்சம் கலந்திருக்கும். “எல்லாரும் போடறதுதான், டிக் பண்ணுப்பா” என்பார் சீனியர். படிவத்தில் போவது நிறுவனத்தின் கையெழுத்து, ஆனால் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. சண்டை போட வேண்டாம். “சார், இந்த லாட்டுக்குக் குட்டை எண் கிடைக்கல, மெயில் போட்டிருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மெயில் உண்மையிலேயே போயிருக்க வேண்டும். அந்த லாட் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பிவிடும், உங்கள் மேல் ஒரு வாரம் கோபம் இருக்கும், பிறகு எந்த ஆடிட் வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கடல் சரக்கு கையாளும் ஆலையில் சேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளுக்குள் தேதியிட்டு, இந்தக் கரை விசைப்படகு பிடித்ததாக ஒரு தாள் உங்கள் முன் வந்தால், பேனாவை மூடிவிட்டுப் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.