கோப்பி ருசி பார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு

பசறையைச் சுற்றி இப்போது கண்ணுக்கெட்டிய வரை தேயிலைதான். ஆனால் நம்முடைய ஆட்களை முதலில் கடல் தாண்டி வரவைத்தது கோப்பி. நமக்குப் பக்கத்து மடுல்சீமையில்தான் 1869இல் கோப்பி இலைத்துரு நோயைக் கண்டார்கள். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படியும், இலை கொட்டும், மரம் காய்க்காது. இருபது வருடத்துக்குள் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாகிவிட்டன. இன்று வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் கோப்பி மரங்களுக்கு மறுபடி மதிப்பு வருகிறது. ருசி பார்க்கக் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை.

1. முதலில் ஊரைக் கேளுங்கள். சிங்கிள் ஒரிஜின் என்றால் ஒரே இடத்துக் கொட்டை. ‘இலங்கைக் கோப்பி’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மலை, அரபிகாவா ரொபஸ்டாவா, பழத்தோடு காய்ந்ததா, தோலுரித்துக் கழுவியதா என்று தெரிய வேண்டும்.

2. மல்லி, வேர்க்கொம்பு, சீனியைத் தள்ளி வையுங்கள். வீட்டுக் கோப்பியை நான் குறை சொல்லவில்லை. காலையில் எனக்கும் அதுதான். ஆனால் கரிய வறுத்து மல்லி சேர்த்து இடித்தால் கொட்டையின் குறையும் மறையும், குணமும் மறையும். இளவறுப்பில்தான் இரண்டும் தெரியும்.

3. அளவை மாற்றாதீர்கள். 150 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 8.25 கிராம் கொட்டை. தண்ணீர் 93 பாகைச் சூட்டில் இருக்கட்டும். ஒரே கோப்பியை ஐந்து கோப்பைகளில் தயாரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக நிறுத்து, தனியாக அரையுங்கள். ஒரு கெட்ட கொட்டை ஒரு கோப்பையில்தான் விழும், அப்போதுதான் பிடிபடும்.

4. அவசரப்படாதீர்கள். தண்ணீர் ஊற்றி நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிட்ட வைத்து மணம் பாருங்கள். நுரையை அள்ளிவிட்டுக் கொஞ்சம் ஆறவிடுங்கள். பிறகு சத்தம் வர உறிஞ்சுங்கள். ஸ்டோரில் தேயிலை ருசி பார்ப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆற ஆறத்தான் குறை வெளியே வரும்.

5. குறைக்குக் காரணம் தேடுங்கள். நாக்கு துவர்த்தால் பச்சைக்காய் கலந்திருக்கும். புளித்த வாடை வந்தால் பறித்த பழம் குவியலாகக் கிடந்திருக்கும். மண்வாடை வந்தால் வெறுந்தரையில் காய்ந்திருக்கும். அதோடு நிற்காதீர்கள். பழுத்ததை மட்டும் பறிக்க ஒரே மரத்துக்குப் பல தடவை போக வேண்டும். நிறைக்கு மட்டும் காசு கொடுத்தால் பச்சைக்காயும் கூடையில் விழத்தான் செய்யும். கொழுந்து பறித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. முத்திரையின் கணக்கைப் படியுங்கள். நியாய வணிக முத்திரை 1988இல் நெதர்லாந்தில், மெக்சிக்கோ விவசாயிகளின் கோப்பியோடு தொடங்கியது. பெயார்ட்ரேட் என்ற நியாய வணிக அமைப்பு கழுவிய அரபிகாவுக்கு 2023இல் இறாத்தலுக்கு 1.80 டொலர் அடிவிலை வைத்தது. சந்தை விலை அதைவிடக் கூடினால் சந்தை விலை. அதற்கு மேல் 20 சதம் சமூக நிதிக்கு. அதை எதற்குச் செலவிடுவது என்று விவசாயிகளே கூடி முடிவெடுப்பார்கள்.

7. முத்திரை எட்டாத இடத்தையும் பாருங்கள். பெயார்ட்ரேட் இன்டர்நெஷனல் தேயிலையில் கூலித் தொழிலாளர் வேலை செய்யும் தோட்டங்களையும் சேர்க்கும். கோப்பியில் சிறு விவசாயிகளின் அமைப்புகளை மட்டுமே சேர்க்கும். சொந்த மரம் இல்லாத லயத்துக்காரருக்கு அங்கே இடமில்லை. நம்மவர் மலையகம் வந்த இருநூறு ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் பலருக்குத் தாங்கள் குடியிருக்கும் நிலமே சொந்தமில்லை. ஆகவே கோப்பி நல்லது என்று சொல்லும்போதே, மரம் யாருடையது என்றும் கேளுங்கள்.

8. ருசிக்கு நீங்கள் போடும் மதிப்பெண்ணைப் பயிரிட்டவரிடம் சொல்லுங்கள். 100க்கு 80 எடுத்தால் அது ஸ்பெஷாலிட்டி கோப்பி. விலை பேச இடம் உண்டு. வாங்குபவருக்கு அந்த எண் தெரியும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் வந்த விலைக்கு மூட்டையைக் கொடுத்துவிடுவார். எண்ணை எழுதிக் கொடுங்கள், குறையையும் எழுதுங்கள், அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். தன் கோப்பியின் ருசி தெரிந்தவர்தான் அடுத்த போகத்தில் விலை கேட்பார்.