மாப்பிள்ளைக்கு ஒரு கார்

ஆவடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்ஜினியரிங் சீட் கிடைத்த கையோடு கார் பேச்சும் வந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். ஆந்திரா பக்கம் நகரியில் உன் அப்பாவுக்குத் தெரிந்தவர் 2013 மாடல் சின்ன கார் ஒன்றை விற்கிறாராம். மலிவாம். நீ அதற்கு ஸ்டிக்கர்கூடப் பார்த்து வைத்துவிட்டாயாம். ஸ்டிக்கர் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உன் கல்லூரி திருவள்ளூரைத் தாண்டி இருக்கிறது. திருத்தணி வீட்டிலிருந்து போக வர நூறு கிலோமீட்டர். நம் ரோட்டு டிராஃபிக்கில் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தாலே பெரிது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 550 ரூபாய்க்கு மேல் போகும். மாதம் 22 நாள் கல்லூரி என்றால் 12,000 ரூபாய் பெட்ரோலுக்கே சரி. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. திருத்தணியில் ஏறினால் அரக்கோணம் வழியாகத் திருவள்ளூரில் இறக்கிவிடும் மின்சார ரயிலுக்கு, மாணவர் சீசன் டிக்கெட் மாதம் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. கார் விலையை அப்பா ஒரு தடவை கொடுத்துவிடுவார். இந்தப் பன்னிரண்டாயிரத்தை மாதாமாதம் யார் கொடுப்பது? அதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். கல்லூரி ஆபீசிலும் ஒரு வார்த்தை கேள். மாணவர் காரை உள்ளேயே விடாத கல்லூரிகள் நிறைய. அப்புறம் வெளியே ரோட்டோரம் வெயிலில்தான் நிற்கும்.

உனக்கு 18 முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. அதுவரை சாவியைத் தொடாதே. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டித் தப்புச் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்த வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடைக்காது. ‘நம்ம ஊருக்குள்ளதானே’ என்பதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

இப்போது அந்த நகரி கார். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் நம் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு நகரியிலும் புத்தூரிலும் சம்பந்தம் உண்டு. கல்யாணப் பேச்சோடு வண்டியும் கைமாறும். ஏபி 03, ஏபி 39 நம்பரோடு எத்தனையோ வண்டிகள் நம் தெருக்களில் ஓடுகின்றன என்பதற்காக, அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்காதே. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கிவந்து, திருவள்ளூர் ஆர்.டி.ஓ.வின் டிஎன் 20-க்கு மாற்ற வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்ப வாங்க மறுபடி அங்கே விண்ணப்பம். அலைச்சல் போகட்டும், காசையும் கூட்டிப் பார். மலிவு என்கிறார்களே, அதில் பாதி இங்கேயே கரைந்துவிடும். அதற்கு டிஎன் 20 வண்டி ஒன்றைக் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்கலாம்.

2013 மாடல் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய தயக்கம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ஜியம் ஸ்டார். அதே போலோவை முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்தபோது நான்கு ஸ்டார் வந்தது. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். நீ போகப்போவது லாரியும் திருப்பதி பஸ்ஸும் பறக்கிற ரோடு. அதனால் 2019 ஜூலைக்கு முந்திய வண்டியானால், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வேரியன்ட்தானா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க விடாதே. அலாய் வீலும் பெரிய ஸ்பீக்கரும் விற்கிறவர் பேசுகிற பேச்சு. பழைய டீசல் எஸ்.யு.வி. ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடு. ஒரு இன்ஜெக்டர் போனால் உன் செமஸ்டர் ஃபீஸ் போகும்.

வண்டி பார்ப்பதற்கு உன் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: முருகன் கோயில் மலைப்பாதை. புதுக் காரைப் பூஜைக்கு ஏற்றுகிற அதே பாதையில் பழைய காரைச் சோதனைக்கு ஏற்று. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது நாமே ஸ்டார்ட் பண்ண வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பார். இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மேலே போய் நிறுத்தி டெம்பரேச்சர் முள்ளைப் பார். இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். மீட்டரை நம்பாதே. நாற்பதாயிரம் ஓடிய வண்டி என்பார்கள், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது கிழட்டு டயர்தான்.

ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் கடன் அடைத்த என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கைக்கு வரும்வரை பணம் முழுதாகப் போகக் கூடாது. பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் அப்பா பெயருக்கு மாற்றச் சொல். விற்றவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அது நமக்கு வராது.

என் யோசனை இதுதான். இந்த வருஷம் ரயில், திருவள்ளூரில் இறங்கிக் கல்லூரி பஸ். 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போடு, முப்பது நாள் கழித்து டெஸ்ட். லைசன்ஸ் வந்த பிறகு, திருத்தணி மெக்கானிக் எவரும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக்கூடிய, ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கிற சாதாரண வண்டியாகப் பார்ப்போம். சனி, ஞாயிறில் வீட்டுக்கும் உதவும்.

அப்பா அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எனக்குச் சொல், மெக்கானிக்கோடு வருகிறேன். ஆடிக் கிருத்திகை வாரம் மட்டும் வேண்டாம். காவடிக் கூட்டத்தில் மலைப்பாதையில் கார் ஏற்றிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

அன்புடன்,
மாமா