தெரிந்துதெளிதலும் மனவெழுச்சி நுண்ணறிவுத் தேர்வும்: தேர்வுக்கு உள்ளாவோர் நோக்கு

முன்னுரை

மனவெழுச்சி நுண்ணறிவு என்னும் கருத்தைச் சலோவே, மேயர் ஆகிய உளவியலாளர் 1990இல் வரையறுத்தனர். 1995இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் அதனைப் பணியமர்த்துவோரிடம் கொண்டு சேர்த்தது. இந்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013இல் சேர்க்கப்பட்ட அறவியல் தாளின் பாடத்திட்டத்திலும் அது இடம்பெற்றது. மீன்சுருட்டியிலிருந்து செல்லும் பட்டதாரி இத்தாளுக்குத் தமிழில் விடையெழுதலாம். வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமைகிறது. உணர்வை அளக்கும் தேர்வில் இது சிறு குறையன்று. தேர்வுக்கு உள்ளாவோரின் மனநிலையை ஆராயத் திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரமும் அதன் உரையும் துணைசெய்கின்றன.

உபதையும் வினாநிரலும்

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினால் ஒருவனை ஆராய்ந்து தெளிக என்பது 501ஆம் குறளின் கருத்து. பரிமேலழகர் இவற்றை வடநூல் கூறும் உபதைகளாகக் கொண்டு விளக்குகிறார். அரசனை நீக்கி வேறொருவனை அமர்த்த எண்ணியுள்ளதாகப் புரோகிதரைவிட்டுச் சொல்லச் செய்தல் அற உபதை. உரிமைமகளிருள் ஒருத்தி விரும்புவதாகத் தவமுதுமகளைவிட்டுச் சொல்லச் செய்தல் இன்ப உபதை. சோதிக்கப்படுவோன் அது சோதனை என்பதை அறியான். அறிந்தால் சோதனை பயனிழக்கும்.

இக்கால வினாநிரல் இதற்கு நேர்மாறானது. ‘பிறர் உணர்வை எளிதில் அறிவேன்’ என்ற கூற்றுக்கு எவ்விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை வேலை நாடுவோர் அனைவரும் அறிவர். மெய் சொல்பவர் பின்தங்குவார் என்ற எண்ணம் அங்கேயே வேர்விடுகிறது. பெரியோர்முன் அடங்கியிருத்தலைப் பண்பாகக் கற்றவர், ‘கருத்து வேறுபாட்டை உடனே வெளிப்படுத்துவேன்’ என்பதற்கு ‘இல்லை’ என்று குறித்தால், அது குறைபாடாகவே எண்ணப்படக்கூடும்.

சோதனை சோதிக்கப்படுவோரையும் மாற்றும். நான்கு உபதைகளையும் கூறும் அர்த்தசாத்திரமே, நீரில் நஞ்சு கலப்பதுபோல் மாசற்றவன் மனத்தைச் சோதனையால் கெடுத்தலாகாது என எச்சரிக்கிறது. உரையாசிரியர் இவ்வெச்சரிக்கையை எடுத்தாளாமை நோக்கத்தக்கது.

நேர்மை பற்றிய உணர்வு

விண்ணப்பதாரர் ஒரு தேர்வை நேர்மையானதாகக் கருதுவதற்கு, அது பணியோடு தொடர்புடையதாதல், தம் திறனைக் காட்ட இடம் தருதல், முடிவுக்கு விளக்கம் அளித்தல் முதலியன வேண்டும் என்பது கில்லிலாண்டின் 1993ஆம் ஆண்டுக் கோட்பாடு. மதிப்பெண்ணை வெளியிடாத வினாநிரல் இம்மூன்றிலும் தவறுகிறது. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்னும் 505ஆம் குறள் கருத்தோ இவற்றுக்கு இயைகிறது. செயலைக் கண்டு மதிப்பிடுகையில் விண்ணப்பதாரர் மறுத்துரைக்கவும் இடமுண்டு.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) உறுப்பினர் தகுதியை நிலம், மனை, வயது, கல்வி, கணக்குக் காட்டியமை என வெளிப்படையாக வகுத்தன. அத்தகுதிகள் பெரும்பாலோரை விலக்கின என்பது மறுக்கவியலாதது. எனினும் விலக்கப்பட்டவர் காரணத்தை அறிந்திருந்தனர். இன்றைய விண்ணப்பதாரருக்கு அதுவும் கிட்டுவதில்லை.

எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்தபின்னும் வினையின் தன்மையால் வேறுபடுவோர் பலர் என்கிறது 514ஆம் குறள். வள்ளுவர் இதனைத் தெரிந்துதெளிதலில் வைக்கவில்லை. பணியில் அமர்த்தி ஆளுதலைக் கூறும் ‘தெரிந்துவினையாடல்’ என்னும் அடுத்த அதிகாரத்தில் வைத்துள்ளார்.