மின்சாரம் நெடுநாள் நின்றால்
(அங்கத்தினர் படிப்பு வட்டத்துக்கு ஒரு பாடம்)

விளக்கு அணைவதை ஒரு சிறு இடையூறாகவே கருதி நாம் பழகிவிட்டோம். அரை மணியிலோ ஒரு மணியிலோ வந்துவிடும் என்று பொறுத்திருக்கிறோம். அது ஒரு மாதம் வராவிட்டால், ஓராண்டு வராவிட்டால், ஈரோட்டைச் சூழ்ந்துள்ள நெசவாளரும் விவசாயிகளும் எதைக் கொண்டு ஜீவிப்பது? இக்கேள்வியை வீண் அச்சமென்று தள்ளிவிடலாகாது. நம் மாநிலத்திலும் கடல் கடந்த அண்டை நாட்டிலும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இந்நிலையைக் கண்டு கடந்திருக்கின்றன. அவர்களுடைய அனுபவத்தை ஆராய்ந்து, நம் சங்கங்கள் முன்கூட்டிச் செய்யத்தக்கவை யாவை என்று தெளிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மின்வலை சாய்வது எவ்வாறு?

நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதைப் போல மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைப்பது இன்றும் கடினமான காரியமே. ஆகையால் உற்பத்தியும் செலவும் நொடிதோறும் ஒத்திருக்க வேண்டும். நொடிக்கு ஐம்பது சுற்று என்னும் அலைவெண் இந்தச் சமநிலைக்கு அடையாளம். செலவு மிகுந்து அலைவெண் தாழ்ந்தாலும், ஒரு பெரிய கம்பிவழி அறுபட்டு அதன் பாரம் மற்றொன்றின்மேல் விழுந்தாலும், இயந்திரங்களும் கம்பிகளும் சேதமுறாதிருக்கும் பொருட்டு அவை தாமே விலகிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ஒன்று விலகினால் அடுத்ததன்மேல் பாரம் ஏறும், அதுவும் விலகும். இவ்வாறு சில நிமிஷங்களில் பல மாநிலங்கள் இருண்டுவிடக்கூடும்.

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வட இந்திய மின்வலை சாய்ந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று வலைகளும் ஒருசேரச் சாய்ந்தன. அறுபது கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அதனால் பாதிக்கப்பட்டது. தென்னிந்திய வலை அன்று அவற்றோடு ஒரே சுற்றில் பிணைக்கப்படாதிருந்தமையால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அதே வலையில் இணைந்தோம். குறைவுள்ள காலத்தில் பிற மாநிலத்து மின்சாரம் நமக்கு வருவது இதனால் விளைந்த நன்மை. பிறருக்கு நேரும் வீழ்ச்சி நம்மையும் இழுக்கக்கூடும் என்பது அதற்குரிய விலை.

விழுந்த வலையை எழுப்புவதும் எளிதன்று. அனல் மின்நிலையம் தன் கரி அரைவையையும் காற்றூதிகளையும் நீர்ப் பம்புகளையும் ஓட்டுவதற்கே மின்சாரம் வேண்டும். ஆதலால் தாமே இயங்கத் தொடங்கவல்ல நீர்மின் நிலையங்களை முதலில் ஓட்டி, அங்கிருந்து கம்பி வழியே உயிர் கொடுத்துப் படிப்படியாக ஏனைய நிலையங்களை எழுப்புகிறார்கள்.

2. மூவகைத் துன்பம்

மின்சாரம் நிற்பதை மூவகையாகப் பிரித்தறிதல் நலம். முதலாவது, மேலே கூறியது போன்ற மணிக்கணக்கான வீழ்ச்சி. பொறுமையும் ஒரு கைவிளக்கும் இதற்குப் போதும்.

இரண்டாவது, கம்பமும் கம்பியும் வீழ்ந்து வாரக்கணக்கில் நிற்பது. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பகுதியில் கரையேறிய கஜா புயலில் காவிரிக் கழிமுக மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அவ்வூரார் முதலில் தவித்தது விளக்குக்கன்று, குடிநீருக்கே. மேல்நிலைத் தொட்டி இருந்தது; அதை நிரப்ப மோட்டார் ஓடவில்லை. டீசல் ஜெனரேட்டர் ஊர் ஊராக வந்து தொட்டியை நிரப்பும்வரை மக்கள் காத்திருந்தனர்.

மூன்றாவது, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிற்பது. 2017 செப்டம்பரில் புவர்ட்டோ ரிக்கோ தீவைப் புயல் தாக்கியபின், கடைசி வீடுகளுக்கு மின்சாரம் மீளச் சுமார் பதினொரு மாதங்கள் ஆயின. மாண்டோர் 64 பேர் என்று முதலில் கணக்கிட்ட அரசாங்கம், பிந்திய ஆறு மாதத்தையும் ஆராய்ந்த பிறகு 2,975 என்னும் தொகையை ஏற்றுக்கொண்டது. அவர்களுள் முதியோரும் ஏழைகளுமே மிகுதி. பேரிடரின் பெரும்பகுதி புயல் ஓய்ந்த பின்னரே வந்தது என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

3. யாழ்ப்பாணம் காட்டும் வழி

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணக் குடாநாடு. 1990ஆம் ஆண்டு மீண்டும் மூண்ட போரில் தீவின் மின்வலையிலிருந்து அது துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பாட்டரி முதலியவற்றுக்கும் கடுந்தடை இருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தன. பின்னாளில் உள்ளூர் டீசல் இயந்திரங்களால் ஓரளவு மின்சாரம் கிடைத்ததேயன்றி, பொது வலையோடு குடாநாடு மீண்டும் இணைந்தது 2009இல் போர் முடிந்ததற்குப் பின்னரே.

அவர்கள் என் செய்தார்கள்? ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் இட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் நெடுநேரம் எரியும் சிறு விளக்கு செய்துகொண்டார்கள். பிள்ளைகள் அவ்வொளியில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டார்கள். இயந்திரத்தைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நிவாரண உணவைக் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுத்ததில் ஊர்தோறும் இருந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவற்றைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. இத்திறமைகளுக்கெல்லாம் அடியில் ஒரு பேறு அவர்களுக்கு இருந்தது. அது சுண்ணக்கல் பூமி. கிணற்று நீர் பெரும்பாலும் முப்பது அடிக்குள் நின்றது. எண்ணெய் கிடைத்தபோது இயந்திரம் இறைத்தது. கிடைக்காதபோது துலாவும் கயிறும் இறைத்தன. விளக்கில்லாமல் ஆண்டுகள் கழிந்தன. நீரில்லாமல் மூன்று நாளும் கழிந்திரா. கயிறு எட்டும் ஆழத்தில் நீர் இருந்ததே அவர்களை ஊரில் நிறுத்தியது.

4. நம் பிரதேசத்தின் நிலை

1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின்னர் கோவைப் பிரதேசத்தில் ஆலைகள் பெருகின. கிணறுதோறும் பம்புசெட் வந்தது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிச் சாலில் நீர் இறைத்த காலம் மறைந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் உழைப்புக் குறைந்தது பெரும் நன்மையே. ஆயினும் கவலைச் சாலுக்கு ஓர் எல்லை உண்டு. மோட்டாருக்கு அவ்வெல்லை இல்லை. நீர் இறங்க இறங்க நாமும் இறங்கினோம். இன்று பல ஊர்களில் ஆழ்துளைக் கிணறு அறுநூறு, எண்ணூறு அடியையும் கடந்திருக்கிறது. ஊருக்கு ஊர் நாம் கண்ட கைப்பம்பு சுமார் நூற்றைம்பது அடிவரையே இறைக்கவல்லது. ஆகவே யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்தது நமக்கு நேர்ந்தால், அவர்களைப் போல் கயிற்றைத் தேடிப் பயனில்லை.

கீழ்பவானி வாய்க்காலும் காலிங்கராயன் வாய்க்காலும் நிலத்தின் சரிவால் ஓடுவன, மின்சாரம் வேண்டா. அவற்றின் பாசனத்தில் உள்ளோர் பாக்கியசாலிகள். மேட்டு நிலத்தாருக்கும், ஆற்று நீரைப் பம்பு செய்து குடிக்கும் நகரத்தாருக்கும் அப்பாக்கியம் இல்லை.

தொழிலிலும் இவ்வேறுபாடு உண்டு. விசைத்தறி உடனே நின்றுவிடும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணிக்கும் மேலாக மின்வெட்டு நிலவியபோது விசைத்தறியாளர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. சென்னிமலைக் கைத்தறியும் பவானி ஜமக்காளத் தறியும் பகல் வெளிச்சத்தில் ஓடும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய நூல் மின்சார ஆலையிலிருந்து வருகிறது. சாயமிட நீர் வேண்டும். கையிருப்பு நூல் உள்ளவரையே கைத்தறிக்கு ஆயுள். மஞ்சளை வேகவைத்து உலர்த்திவிட்டால் கெடாமல் காத்திருக்கும். பால் குளிரூட்டும் நிலையம் நின்றால் சில மணியில் திரிந்துபோகும்.

5. சங்கங்கள் செய்யத்தக்கவை

முதற்கடமை நீர். குடிக்கவும் சமைக்கவும் சுத்தத்துக்கும் ஆளுக்கு நாள்தோறும் 15 லிட்டராவது வேண்டும் என்பது நிவாரணப் பணியாளர் கொள்ளும் அளவு. 250 குடும்பமுள்ள ஊரில் ஆயிரம் பேர் என்று கொண்டால் 15,000 லிட்டர் ஆகிறது. நூறு கறவை மாடுகளுக்கு நாற்பது லிட்டர் வீதம் மேலும் 4,000 லிட்டர். இதைத் தருவது எந்தக் கிணறு என்று இன்றே குறித்து வைக்க வேண்டும். பாழ்பட்ட திறந்தவெளிக் கிணறுகளில் ஒன்றையேனும் தூர்வாரி, சுவர் கட்டி, ராட்டினம் இட்டுப் பாதுகாப்பது சங்கத்தின் பொதுப்பணியாகலாம். குளமும் ஓடைத் தடுப்பும் அக்கிணற்று நீரை மேலே நிறுத்துவதற்காக.

ஆழ்துளைக் கிணறு மட்டுமே உள்ள ஊரில், மின்வலையைச் சாராத சூரிய ஒளிப் பம்பு ஒன்று பொதுத் தொட்டிக்கு வேண்டும். கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ற பம்புதானா என்று வல்லுநரைக் கேட்டே வாங்குதல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. கூரைமேல் தகடு பொருத்தி மின்வலையோடு இணைத்துள்ளோர், வலை நின்றாலும் தம் வீடு ஒளிரும் என்று எண்ணக்கூடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கும் பொருட்டு அவ்வமைப்பு வலை நின்றவுடன் தானும் நின்றுவிடும். பாட்டரியோடு தனித்து இயங்கும் ஏற்பாடு இருந்தாலொழியப் பயனில்லை.

டீசலை மட்டும் நம்புவதும் தகாது. டீசல் வழங்கும் நிலையத்தின் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதே. இருக்கும் டீசலை நீர், மருந்து, பிரசவம் ஆகியவற்றுக்கென ஒதுக்கிவைக்க நிர்வாகக் குழு முன்கூட்டித் தீர்மானம் செய்துவிட வேண்டும். பஞ்சம் வந்தபின் செய்யும் பங்கீடு மனக்கசப்பில் முடியும்.

இரண்டாவது உணவு. அரைவை ஆலை நின்றால் தானியம் இருந்தும் மாவு இராது. உரலும் திருகையும் எந்த வீடுகளில் உள்ளன என்று கணக்கெடுப்பது நகைப்புக்குரியதன்று. ராகி, கம்பு, சோளம் இவற்றை ஒரு பருவத்துக்குப் போதுமான அளவில் இருப்பு வைப்பதும், விதையைத் தனியே காப்பதும் உழவர் சங்கங்களால் ஆகக்கூடிய காரியமே. திரியும் பாலை உறைகுத்தித் தயிராகவும் நெய்யாகவும் மாற்றும் பழைய வழக்கத்தைப் பால் சங்கங்கள் கைவிடலாகாது.

மூன்றாவது கணக்கு. இன்று ரேஷன் பொருள் கைரேகை இயந்திரத்திலும், பணம் கைப்பேசியிலும், கடன் விவரம் கணினியிலும் அடங்கிவிட்டன. கைப்பேசிக் கோபுரத்தின் பாட்டரி சில மணியே தாங்கும். அங்கத்தினர் பட்டியல், குடும்ப எண்ணிக்கை, பங்குத் தொகை, கடன் பாக்கி ஆகியவற்றை மாதம் ஒருமுறை காகித ஏட்டில் எழுதி வைக்கும் சங்கமே இருட்டிலும் சங்கமாக இயங்கும். ஏடு இல்லாத இடத்தில் வலியவன் சொல்லே கணக்காகிவிடும்.

நான்காவது, கவனிப்பாரற்ற முதியோரும் நோயாளரும். இன்சுலின் குளிரில் வைக்கவேண்டியவர், மூச்சுக்கருவியைச் சார்ந்தவர், தனித்து வாழும் மூதாட்டி ஆகியோர் யார் யார், அவர்களை நாள்தோறும் சென்று பார்ப்பவர் யார் என்று தெருவாரியாக எழுதிவைத்தல் வேண்டும். புவர்ட்டோ ரிக்கோவின் இறப்புக் கணக்கு நமக்குக் கற்பிப்பது இதுவே.

முடிவுரை

ஒரு குடும்பம் தன் பணத்தால் பாட்டரி வாங்கலாம், ஜெனரேட்டர் வாங்கலாம். நிலத்தடி நீரை முப்பது அடிக்கு உயர்த்த எந்தக் குடும்பத்தின் பணத்தாலும் ஆகாது. அக்காரியம் ஊர் கூடியே செய்யவேண்டியது. அதற்கென்றே சங்கம் இருக்கிறது. மின்சாரம் நாளையும் வரும் என்றே நம்புவோம். வராத நாளுக்கு ஒரு கிணற்றையும் ஓர் ஏட்டையும் ஆயத்தமாக வைப்போம்.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாட

1. நம் ஊரில் கயிறு எட்டும் ஆழத்தில் நீருள்ள கிணறுகள் எத்தனை? கோடையிலும் வற்றாதவை எவை?
2. மின்சாரம் ஒரு மாதம் நின்றால் நம் ஊருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? அதை இறைப்பது யார்?
3. நம் நெசவாளர் சங்கத்தின் நூல் கையிருப்பு எத்தனை நாள் வேலைக்குப் போதும்?
4. அங்கத்தினர் கணக்கு காகித ஏட்டில் கடைசியாக எழுதப்பட்ட தேதி எது?