விதையைக் காக்கும் உலர்ந்த காற்று

வெயிலில் நன்கு காயவைத்த மிளகாய் விதை, மாரி கழிந்து நாற்றுமேடையில் இடும்போது முளைக்கத் தவறுவது கமக்காரர் பலர் கண்ட நட்டமாகும். உலர்ந்திருந்த விதை ஏன் இறந்தது? விதை தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. கடதாசிப் பையிலுள்ள விதை மாரிக்காற்றின் ஈரத்தை ஏற்று, சுவாசம் மிகுந்து, தன்னிலுள்ள உணவைச் செலவிட்டு நலிகிறது. ஆகவே விதையை உலர்த்துவது மட்டும் போதாது. அதைச் சூழ்ந்த காற்றையும் உலர்வாக வைத்தல் வேண்டும்.

தொழிற்சாலை முறை

காற்றை அமுக்கிக் குளிரவிடும்போது அதிலுள்ள நீராவி நீராகிக் குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்யும். அரிசி ஆலைகளில் பழுதான அரிசியைக் காற்றுவீச்சினால் தள்ளிப் பிரிக்கும் இயந்திரங்களுக்கும் உலர்ந்த காற்றே வேண்டும். இதற்காக இரு கலங்களில் சிலிக்கா ஜெல் போன்ற நுண்டுளை மணிகளை நிரப்புவர். நீராவி அத்துளைகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இது புறத்துறிஞ்சல் எனப்படும். ஒரு கலம் காற்றை உலர்த்துகையில், மற்றையதிலுள்ள மணிகள் வெப்பத்தாலோ உலர்காற்றாலோ ஈரம் நீக்கப்பெறும். பின்னர் கலங்கள் முறைமாறும்.

கமக்காரர் செய்யத்தக்கது

1. மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை முதலில் நிழலில் உலர்த்தித் துணிப்பையிலிட்டு நிறுக்கவும்.

2. அதே நிறையுள்ள சிலிக்கா ஜெல்லைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, மேலே விதைப்பையை வைத்து இறுக மூடவும்.

3. 7 நாட்களின் பின் விதையைத் தாமதியாது வேறோர் உலர்ந்த போத்தலுக்கு மாற்றி இறுக மூடவும். பெயரும் திகதியும் எழுதிக் குளிர்ந்த, வெயில்படாத இடத்தில் வைக்கவும்.

4. நீல மணிகள் ஈரமுற்றால் இளஞ்சிவப்பாகும். ஏறக்குறைய 120 பாகை சதமவளவில் 2 அல்லது 3 மணிநேரம் சூடாக்கினால் நீலம் மீளும், மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிறத்தைத் தருவது கோபாற்று குளோரைட்டு என்னும் நச்சுப்பொருள். சமையற் பாத்திரத்தில் சூடாக்கலாகாது. பிள்ளைகளுக்கு எட்டாது வைக்கவும்.

5. மணிகள் கிடையாவிடின், நன்கு வறுத்து, மூடிய கலத்தில் ஆறவிட்ட அரிசியைப் பயன்படுத்தலாம். அதன் ஆற்றல் குறைவாதலால் விதையினும் அதிகமாக இடவேண்டும்.

விதை நெல்லின் அளவு பெரிதாதலால் இம்முறை அதற்குச் செலவு மிகுந்தது. அதனை 13 சதவீத ஈரப்பதன்வரை உலர்த்திச் சேமித்தல் தகும்.

பயன்

ஈரப்பதன் 14 முதல் 5 சதவீதம் வரையான எல்லைக்குள், 1 சதவீதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதையியலார் கொள்ளும் பொதுவிதி. எனினும் நாற்றுமேடையில் இடுமுன் 100 விதைகளை ஈரத்துணியில் முளைக்கவைத்து எண்ணிப் பார்க்கவும். ஒரு போகத்தை இழப்பதிலும் 100 விதைகளை இழப்பது மேலானது.