தூவி உறைய வைக்கும் கருவிக்கு உதவும் சிஎப்டி சாப்ட்வேர்

சூடு பட்டால் கெட்டுப் போகும் புரதங்களையும் மருந்துகளையும் பவுடராக்க ஒரு வழி உண்டு. கரைசலை நாசில் வழியாக, கடுங்குளிர்க் காற்று ஓடும் உயரமான கலத்திற்குள் தூவுவார்கள். துளிகள் விழும்போதே உறைந்து அடியில் சேரும். பிறகு அவற்றை வெற்றிடத்தில் உலர்த்துவார்கள். இதுதான் ஸ்பிரே ஃப்ரீஸ் டிரையிங்.

சிக்கல் என்னவென்றால், முழுதாக உறையாத துளி சுவரில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். விலை உயர்ந்த மருந்து என்றால் நஷ்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

முதலில் எக்செல்லில் ஒரு கணக்குப் போடுங்கள். 20 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர 84 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். உறைய வைக்க 334. அந்தப் பனிக்கட்டியை மைனஸ் 20க்குக் கொண்டுபோக 42. ஆக மொத்தம் 460. காற்று 30 டிகிரி சூடாகலாம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 15 கிலோ காற்று தேவை.

துளியின் அளவு இன்னும் முக்கியம். 25 மைக்ரான் துளியை 50 மைக்ரானாக்கினால் உறைய ஏறத்தாழ 4 மடங்கு நேரம் ஆகும். விழும் வேகமும் 4 மடங்காகும். எனவே அசையாத காற்றில் 16 மடங்கு உயரம் வேண்டும்!

ஆனால் இதெல்லாம் சராசரிக் கணக்கு. தூவலின் நடுப்பகுதியில் துளிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே காற்று சூடாகிவிடும். ஓரத்துத் துளி உறைந்துவிடும், நடுவில் உள்ளது உறையாது. காற்றைச் சுழல விட்டால் துளி கலத்திற்குள் அதிக நேரம் இருக்கும்; ஆனால் அதே சுழற்சி அதைச் சுவரை நோக்கியும் வீசும். எக்செல்லால் இதைக் காட்ட முடியாது.

இங்கேதான் சிஎப்டி எனப்படும் பாய்ம ஓட்டக் கணக்கீடு வருகிறது. கலத்தின் உள்வெளியைப் பல லட்சம் சிறு செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பநிலையைச் சாப்ட்வேர் கணக்கிடும். துளிகளின் பாதையைத் தனியாகத் தொடரும். எந்தத் துளி, எந்த இடத்தில், எந்த நிலையில் சுவரைத் தொட்டது என்று தெரிந்துவிடும். நாசிலையோ காற்று வெளியேறும் வாயையோ மாற்றி மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு தகடு கூட வெட்ட வேண்டியதில்லை.

உறைதலைக் கணக்கில் சேர்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை 0 முதல் மைனஸ் 2 டிகிரி வரை பரப்பி, அந்த இடைவெளியில் மட்டும் துளியின் தன்வெப்பத்தை டிகிரிக்கு 167 ஆக உயர்த்துவார்கள். சாதாரண நீருக்கு இது 4.18தான். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் சுத்தமான நுண்துளிகள் மைனஸ் 20க்குக் கீழேயும் உறையாமல் திரவமாகவே இருக்கக்கூடும். குறுக்கு வழிக்கு இது தெரியாது. ஆகவே திரையில் எல்லாம் நீல நிறமாகத் தெரிந்தாலும், உண்மைக் கலத்தில் தெர்மோகப்பிள் வைத்து அளந்து ஒப்பிடாமல் நம்பக் கூடாது.

பின்னாளில் தஞ்சாவூர் இந்திய உணவு பதனத் தொழில்நுட்பக் கழகத்தின் இயக்குநராக இருந்த சி. ஆனந்தராமகிருஷ்ணன், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் புரதங்களை வைத்து இப்படித்தான் சோதனையையும் சிஎப்டியையும் சேர்த்து ஆராய்ந்தார்.

வீட்டில் முயல விரும்புபவர்கள் ஓபன்ஃபோம் சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். 2004ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. லினக்ஸுக்கானது, விண்டோஸ் 10, 11ல் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவியும் ஓட்டலாம். அதனுடன் வரும் 'கேவிட்டி' பாடத்தில் தொடங்குங்கள். 10 சென்டிமீட்டர் சதுரம், 400 செல்கள், மேல்மூடி மட்டும் நகரும். சாதாரண பிசியிலேயே சில நொடிகளில் முடிந்துவிடும். ஸ்பிரே கலத்தை இதற்குப் பிறகு தொடுவது நல்லது. அதற்கு உங்கள் பிசி இரவு முழுக்க ஓட வேண்டியிருக்கும்.